கல்லடியில இருந்து கல்லாறு வரைக்கும்: கல்லடைப்புக்கு தயிர நிப்பாட்டணுமா?

கல்லடிக்காரன் | 11 ஜூலை, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு–கல்முனை றோட்டில பஸ் ஓடுறன். வயசு 41. போன கிழமை களுவாஞ்சிகுடி தாண்டி வரக்குள்ள வலப்பக்க விலாவுக்குக் கீழ, முதுகுப் பக்கமா, கம்பியக் காய்ச்சிக் குத்தின மாதிரி ஒரு வலி. ரெண்டு ஹோல்ட் வரைக்கும் பல்லக் கடிச்சன். மறுகா ஏலா. பஸ்ஸ ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்கில தலைய வெச்சிட்டன். வலி அப்படியே அடிவயித்துக்கு இறங்குது, சத்தி வேற. கொண்டக்டர் பொடியன் எனக்கு ஹார்ட் அட்டாக் எண்டு நினைச்சி அழுதுட்டான்.

ஸ்கேன்ல 6 மில்லிமீற்றர் கல்லு. சலக்குழாய்க்குள்ள, அதான் சிறுநீர் இறங்குற குழாய்க்குள்ள, சலப்பைக்குக் கிட்ட நிக்குதாம். ஊசி போட்டு, குளிசை தந்து, ரெண்டு கிழமை பாப்பம், தானா இறங்கலாம் எண்டு விட்டிரிக்காங்க.

இப்ப பிரச்சினை சாப்பாடு. ஆளுக்கொரு கதை சொல்றாங்க. மருந்தெடுக்கப் போன ஒரு தனியார் இடத்தில, கல்லு எண்டா கல்சியம், பால், தயிர், நெத்தலி ஒண்டும் தொடாதீங்க எண்டு அடிச்சிச் சொல்லிட்டாங்க. மாமி தக்காளிய நிப்பாட்டிட்டா, விதை கல்லாகுமாம். கூட ஓடுற ஒருவர் ரெண்டு பியர் அடி, கழுவிட்டுப் போயிரும் எண்டுறார். எங்கட வீட்டில மத்தியானச் சோத்துக்கு தயிர்ச்சட்டி இல்லாம இருந்ததில்ல. நாலு நாளா அந்தச் சட்டியப் பாத்துக்கொண்டே சாப்பிடுறன். எது உண்மை?

கொக்கட்டிச்சோலையான் | 11 ஜூலை, இரவு 9.52

கல்லடியில குடியிருக்கிறவருக்கு கல்லடைப்பு, அதுவும் கல்லாறு போற வழியில. வேற ஊருக்கு மாறிப் பாருங்க அண்ணே.

கல்லடிக்காரன் | 11 ஜூலை, இரவு 9.58

சிரிச்சா இன்னும் வலிக்குது தம்பி, விடு.

முன்னாள்_தாதி | 11 ஜூலை, இரவு 10.31

மனே, தயிர்ச்சட்டிய முதல்ல எடுத்து முன்னால வையுங்க.

சாப்பாட்டுக் கதைக்கு முதல் ஒரு விசயம். கல்லு குழாய்க்குள்ள நிக்கிற நேரம் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தா, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இரிக்கப்படாது. அடைபட்ட சலத்தில கிருமி தொத்தினா ஒரு ராத்திரிக்குள்ள ஆளக் கவுத்துரும். சலம் முழுக்க அடைச்சாலும், சத்தியில தண்ணி தங்காட்டியும் அப்படித்தான், உடன ஆஸ்பத்திரி. வலி உச்சத்தில நிக்கக்குள்ள வாளி வாளியாக் குடிச்சி கல்லத் தள்ளலாம் எண்டும் நினைக்காதீங்க. அடைப்புக்கு மேல தண்ணி தேங்கினா வலிதான் கூடும். தாகத்துக்குக் குடிச்சாக் காணும். நிறையக் குடிக்கிற வேலை வலி நிண்ட பிறகு தொடங்குது. அது ரெண்டு கிழமை வேலையில்ல மனே, வாழ்நாள் வேலை. ஒருக்கா வந்தவங்களில ஏறக்குறைய பாதிப்பேருக்கு 10 வருசத்துக்குள்ள திரும்ப வரும்.

இனித் தயிர். கல்லுகளில பெரும்பாலானது கல்சியம் ஒக்சலேற்று. பேரில கல்சியம் இருக்கிறதால கல்சியத்தக் குறைக்கச் சொல்லி நாங்களும் ஒரு காலத்தில வார்ட்டில சொன்னதுதான். பிழை. ஒக்சலேற்று எண்டது கீரை, கொட்டை வகையில இருந்து வாறது. வயித்துக்குள்ள அது கல்சியத்தோட சந்திச்சா ரெண்டும் ஒட்டிக்கொண்டு மலத்தோட வெளியால போயிரும். வயித்தில கல்சியம் இல்லாட்டி ஒக்சலேற்று தனிய இரத்தத்தில ஏறி கிட்னிக்கு வரும். அங்க கல்சியம் எப்பவும் இரிக்கி. கலியாணம் அங்க நடக்கும்.

இத்தாலியில இதப் பாத்திரிக்காங்க, 2002ல வெளிவந்த ஆய்வு. சலத்தில கல்சியம் கூடப் போய், கல்லு திரும்பத் திரும்ப வாற ஆம்பிளையள் 120 பேர். 60 பேருக்கு கல்சியம் குறைஞ்ச சாப்பாடு. மத்த 60 பேருக்கு கல்சியம் வழமைபோல, உப்பும் இறைச்சியும் குறைவு. அஞ்சு வருசத்தில முதல் கூட்டத்தில 23 பேருக்கு திரும்பக் கல்லு. ரெண்டாவதில 12.

அப்ப தயிரையும் பாலையும் சாப்பாட்டோட சேத்துச் சாப்பிடுங்க. கல்சியக் குளிசை வேற கதை. அத வெறும் வயித்தில தனியப் போட்டா ஒக்சலேற்றப் பிடிக்க ஆளில்ல, கல்சியம் மட்டும் சலத்துக்குப் போகும். வேற வருத்தத்துக்கு ஆரும் எழுதித் தந்திருந்தா நீங்களா நிப்பாட்டாதீங்க, சாப்பாட்டோட போடலாமா எண்டு கேளுங்க.

தக்காளிய மாமிட்ட இருந்து மீட்டெடுங்க. அதில ஒக்சலேற்று குறைவு. விதையும் சோத்துக் கல்லும் குடல் வழியாப் போறது, கிட்னிக்கு வழி தெரியாது அதுக்கு. பியர் சலத்தக் கூட்டும், மறுகா உடம்பக் காய வைக்கும், யூறிக் அசிட்டையும் ஏத்தும். அந்தச் சாரதித் தம்பிக்குச் சொல்லுங்க.

வாவிக்கரை | 12 ஜூலை, காலை 6.15

அக்கா சொல்றது சரி, ஆனா தண்ணிய விட்டுட்டீங்க. எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்பு. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதுதானே கிட்னியிலயும் படியுது? நான் 3 வருசமா போத்தில் தண்ணிதான் வாங்கிக் குடிக்கிறன்.

ஆய்வுகூடத்தான் | 12 ஜூலை, காலை 8.02

கேத்திலில் படிவது கல்சியம் காபனேற்று. சூடாக்கும்போது நீரிலிருந்து பிரிகிறது. கிட்னியில் கேத்தில் வைப்பதில்லை. அங்கே உருவாகும் கல் வேறு, உருவாகும் விதமும் வேறு. கடின நீரில் உள்ள கல்சியமும் வயிற்றில் ஒக்சலேற்றைப் பிடிக்கத்தான் செய்யும். கடின நீர் குடிப்பவர்களுக்குக் கல் கூடுதலாக வரும் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பது, எந்தக் கிணறு என்பதைவிடப் பெரிய கேள்வி.

ஆனால் கிணற்றுக்கு ஒரு குற்றம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் பல உவராகிப் போனது நமக்குத் தெரியும். உவர்த் தண்ணீரை மனிதர் ஆசையாகக் குடிக்க மாட்டார்கள். மிடறு மிடறாக அளவு குறைந்துவிடும். எங்கள் அம்மா உன்னிச்சைக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் செம்பு நிறையக் குடிக்கத் தொடங்கினார்.

தெஹியத்தகண்டிப் பக்கச் சிறுநீரக நோயையும் இதோடு குழப்ப வேண்டாம். அது கிட்னியே மெல்ல மெல்லச் செயலிழப்பது. பெரும்பாலும் வலி காட்டாது.

கல்லடிக்காரன் | 12 ஜூலை, இரவு 8.20

எவ்வளவு குடிக்கணும்? 8 கிளாஸ் எண்டு எல்லா இடமும் போட்டிரிக்கி.

ஆய்வுகூடத்தான் | 12 ஜூலை, இரவு 9.05

கிளாஸை எண்ணாதீர்கள், சலத்தை அளங்கள். கல் வந்தவர்களுக்குச் சிறுநீரக மருத்துவர்கள் சொல்லும் இலக்கு 24 மணித்தியாலத்தில் சுமார் 2.5 லீற்றர் சலம் வெளியேற வேண்டும் என்பது. ஏசி அறையில் இருப்பவர் மூன்று லீற்றர் குடித்தால் அது கிடைத்துவிடும். இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வேர்ப்பவருக்கு மூன்று போதாது.

தண்ணீர் மட்டும் என்ன செய்துவிடும் என்று நினைத்தால், இதுவும் இத்தாலி, 1996. முதல் தடவை கல் வந்த 199 பேர். பாதிப்பேருக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், வேறு ஒன்றும் மாற்றவில்லை. ஐந்து வருடத்தில் அவர்களில் 12 வீதத்தினருக்குத் திரும்ப வந்தது. மற்றப் பாதியில் 27 வீதம்.

இதய நோய், கிட்னிச் செயலிழப்பு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் குடிக்கத் தொடங்க வேண்டாம். அவர்களுடைய அளவு வேறு, அதை அவர்களுடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

அக்கரைப்பற்று_மச்சான் | 13 ஜூலை, காலை 10.44

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கட வாப்பாக்கு மூணு தரம் கல்லு வந்த. எக்ஸ்ரேல ஒண்டும் விழல்ல. ஸ்கேன்லதான் கண்டுபுடிச்ச. யூறிக் அசிட் கல்லாம். அவருக்கு காலையில ஈரல், ராவைக்கு மாட்டிறைச்சி இல்லாட்டி சோறு இறங்காது. டொக்டர் இறைச்சியக் குறைக்கச் சொல்லி, சலத்துர அமிலத்தக் குறைக்க மருந்தும் குடுத்தார். ஒரு கல்லு வெட்டாமலே கரஞ்சி போன. அப்ப எல்லாக் கல்லும் ஒண்டில்ல. நெத்தலியும் அவருக்குக் கூடா எண்டாங்க, இங்க அக்கா கல்லடி அண்ணனுக்கு கல்சியம் உள்ளதச் சாப்பிடச் சொல்றாங்க?

முன்னாள்_தாதி | 13 ஜூலை, பகல் 1.10

வாப்பாக்குச் சொன்னது சரி மனே. முள்ளோட சாப்பிடுற நெத்தலியில கல்சியம் நிறைய, யூறிக் அசிட்டாகிற பொருளும் நிறைய. வாப்பாட கல்லு யூறிக் அசிட், அவருக்குக் கூடாது. எந்தக் கல்லு எண்டு தெரியாம ஆருக்கும் பட்டியல் எழுத ஏலாது. அதால கல்லடித் தம்பி, இனி ஒவ்வொரு தரமும் சலத்த வடிதுணியால வடிச்சிப் போங்க. கல்லு விழுந்தா வீசாம கழுவி, காய வெச்சி, பரிசோதனைக்குக் குடுங்க.

நோன்பு நேரம் தண்ணி எப்படிக் குடிக்கிற எண்டு முந்தி ஒரு பிள்ளை கேட்டது. நோன்பு திறந்ததில இருந்து ஸஹர் வரைக்கும் பிரிச்சிக் குடிக்கணும், கஞ்சியும் கணக்குத்தான். ஸஹருக்கு ஒரேயடியா ரெண்டு லீற்றர் ஊத்தினா விடிய முதலே சலமாப் போயிரும். அடிக்கடி கல்லு வாறவங்க நோன்புக்கு முதலே டொக்டரக் கேக்கிறது நல்லம்.

ஆரையம்பதி_மருமகள் | 13 ஜூலை, பகல் 2.37

எனக்கும் சின்னக் கல்லு ரெண்டு இருக்கு. கீரை கூடாது எண்டால் எனக்கு ஒண்டும் சாப்பிட இல்ல. பசளியும் பொன்னாங்காணியும் வேலியிலேயே நிக்குது. கீரையோட பால் சேர்த்தா ஒக்சலேற்று பிடிபடும் எண்டு ஒரு இடத்தில வாசிச்சன். நாங்க பால் விட்டுத்தானே சமைக்கிறம்? அப்ப பிரச்சினை இல்லைதானே?

ஆய்வுகூடத்தான் | 13 ஜூலை, பகல் 3.20

தங்கச்சி, நீங்கள் விடுவது தேங்காய்ப்பால். அவர்கள் எழுதியது மாட்டுப்பால். தேங்காய்ப்பாலில் கல்சியம் மிகக் குறைவு, அது ஒக்சலேற்றைப் பிடிக்காது. எத்தனை வீட்டில் இந்த ஒரு சொல்லால் ஏமாந்திருக்கிறோமோ!

கீரையை முழுக்க விட வேண்டியதில்லை. நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டால் கரையக்கூடிய ஒக்சலேற்று கணிசமாகக் குறையும். பிறகு உங்கள் தேங்காய்ப்பாலை விட்டுச் சமையுங்கள், பக்கத்தில் ஒரு கப் தயிர் வையுங்கள். அதில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கல்சியம் இருக்கும், ஒருநாளைக்குத் தேவையானது 1,000 அளவில். பச்சையாக அரைத்துக் குடிக்கும் கீரை ஜூஸ்தான் வேண்டாம். கஜுக்கொட்டையைக் கை நிறைய அள்ளுவதும் அப்படித்தான்.

கொக்கட்டிச்சோலையான் | 13 ஜூலை, பகல் 3.31

கச்சான்?

ஆய்வுகூடத்தான் | 13 ஜூலை, பகல் 3.40

கொறிக்கிற கச்சானிலும், அதாவது நிலக்கடலையிலும், ஒக்சலேற்று உண்டு, அளவோடு. ஆனால் மட்டக்களப்பில் கல்லுக்கு மற்றக் கச்சான்தான் பெரிய காரணம் என்பேன். ஜூன், ஜூலையில் மலை தாண்டி வந்து அடிக்கிற கச்சான் காற்று வேர்வையைத் தெரியாமலே உறிஞ்சிவிடும். சட்டை நனையாது, அதனால் வேர்க்கவில்லை என்று நினைப்போம். சிறுபோக வெள்ளாமை வெட்டும் அதை ஒட்டித்தான் வரும்.

வட்டைவிதானை | 13 ஜூலை, இரவு 7.55

இதுக்குத்தான் நான் வயலுக்குப் போகக்குள்ள ஜீவனி, அந்த உப்புச் சீனித் தூள், கரைச்சிக் கொண்டு போறன். தினம் ரெண்டு லீற்றர். சரிதானே?

முன்னாள்_தாதி | 13 ஜூலை, இரவு 8.30

அது வயித்தாலடிக்கு மனே. உலக சுகாதார நிறுவனக் கலவையில ஒரு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு. ரெண்டு லீற்றர் எண்டா 5.2. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள நிக்கணும் எண்டு அதே நிறுவனம்தான் சொல்லுது. அதுக்கு மேல நீங்க வாடியில கருவாடு சுட்டுச் சாப்பிடுவீங்க.

இந்த இழையில உப்பப் பத்தி ஆரும் கேக்கல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். கிட்னி சோடியத்த வெளியில தள்ளக்குள்ள கல்சியமும் கூடவே இழுபட்டுப் போகும். உப்புக் கூடக் கூட சலத்தில கல்சியம் கூடும். தயிரப் பயந்து நிப்பாட்டிட்டு, அந்த இடத்துக்குக் கருவாட்டுப் பொரியலும் பப்படமும் ஊறுகாயும் வெச்சா கல்லுக்கு வழி திறந்து விட்ட மாதிரி. நூடில்ஸ் பைக்கற்றுக்குள்ள வாற தூள், சூப் கட்டி, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்குத்தான். கருவாட்ட விட மனமில்லாட்டி ஊறவெச்சி ரெண்டு தண்ணி மாத்திச் சமையுங்க, கறிக்கு வேற உப்புப் போடாதீங்க.

வெட்டு நாளில தண்ணியும், உப்பில்லாத தேசிக்காய்த் தண்ணியும் கொண்டு போங்க. தேசிக்காயில உள்ள சிற்றேற்று கல்சியத்தப் பிடிச்சி வெச்சிக்கொள்ளும், கல்லாக விடாது. சீனி அள்ளிப் போடப்படாது. கோலாப் போத்தில்கள் தண்ணிக் கணக்கில இல்ல, அதுகள் அடிக்கடி குடிக்கிறவங்களுக்குக் கல்லு கூடத்தான் வருது.

வேர்மூலிகை | 14 ஜூலை, காலை 7.12

இங்கிலீசு மருத்துவம் கதைக்கிறவர்கள் நம் முன்னோரை மறந்துவிட்டீர்கள். வாழைத்தண்டுச் சாறு, நீர்முள்ளி, பொல்பலா. ஒரு மண்டலம் குடித்தால் எந்தக் கல்லும் கரையும். என் அனுபவம்.

ஆய்வுகூடத்தான் | 14 ஜூலை, காலை 9.26

ஐயா, பொல்பலா, அதாவது நம் சிறுபீளை, எங்கள் வீட்டிலும் அவித்துக் குடித்ததுதான். ஆனால் அதை அளவுக்கு மீறிக் குடித்துக் கிட்னிக்குள் ஒக்சலேற்றுப் படிகம் அடைத்துப்போன நோயாளியைப் பற்றி இலங்கை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். காமரங்காய்ச் சாறும் அப்படி, வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகக் குடித்துக் கிட்னி பழுதானவர்கள் இருக்கிறார்கள். கிட்னி ஏற்கெனவே பலவீனமானவருக்கு அந்தப் பழமே நஞ்சு. 5 மில்லிமீற்றருக்குட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். அந்த நேரம் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குத்தான் பேர் போகிறது.

வேர்மூலிகை | 14 ஜூலை, காலை 9.50

வாழைத்தண்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

ஆய்வுகூடத்தான் | 14 ஜூலை, காலை 9.58

கறி நல்லது. சாப்பிடுங்கள்.

செங்கலடித்_தங்கச்சி | 14 ஜூலை, இரவு 9.17

எல்லாரும் குடி குடி எண்டு எழுதுறீங்க. எனக்கு 19 வயசில கல்லு. ஏனெண்டு நான் சொல்றன். படிச்ச இடத்தில 200 பொம்புளப் பிள்ளையளுக்கு ரெண்டு டொய்லெட். ஒண்டுக்கு கொண்டி இல்ல, மத்ததுக்குத் தண்ணி இல்ல. பிறகு ரியூசன், அங்க அதுவும் இல்ல. காலை 6 மணிக்கு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வெளிக்கிட்டா பின்னேரம் 6 மணி வரைக்கும் தண்ணிப் போத்தில் பேக்குக்குள்ள நிறைஞ்சபடியே போய் நிறைஞ்சபடியே வரும். அம்மா போத்திலத் தூக்கிப் பாத்து ஏசுவா. குடிச்சா எங்க போறது எண்டு அவவுக்குச் சொல்ல வெக்கம். எங்கட வகுப்பில பாதிப்பேர் அப்படித்தான். தண்ணி நல்லம் எண்டு தெரியாத ஆள் ஒருத்தரும் இல்ல.

முன்னாள்_தாதி | 14 ஜூலை, இரவு 9.40

மகள், 30 வருசம் வார்ட்டில நிண்டிருக்கன். "ஏன் குடிக்கிற இல்ல?" எண்டு ஏசியிருக்கன். "போறதுக்கு இடம் இருக்கா?" எண்டு ஒருத்தரையும் கேக்கல்ல.

கல்லடிக்காரன் | 14 ஜூலை, இரவு 10.05

தங்கச்சி, நீங்க எழுதினத வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். நானும் அதேதான். காலையில 5 மணிக்குப் பிளேன்டீ. மறுகா கல்முனை போய் ஆள் ஏத்தித் திரும்பி, திரும்பப் போய்... ஸ்டாண்டில உள்ள இடத்துக்குள்ள மூக்கப் பொத்திக்கொண்டும் போக ஏலா. 10 வருசமா மத்தியானம் வரைக்கும் குடிக்காமப் பழகிட்டன். தாகமே எடுக்கிறதில்ல இப்ப.

கல்லடிக்காரன் | 19 ஜூலை, இரவு 8.48

அளந்தன். ஒண்டரை லீற்றர் சோடாப் போத்தில் கழுவி, வேலைக்குப் போன ஒரு நாள் முழுக்க அதுக்குள்ளயே. விடிய முதல் சலத்த விட்டுட்டு, அடுத்த நாள் விடியச் சலத்தோட முடிச்சன். மொத்தம் 850 மில்லி. நிறம் கடும் பிளேன்டீ. மனுசி போத்தில்ல பெரிசா "குடிக்காதீங்க" எண்டு எழுதி ஒட்டிட்டா.

லீவு நாளில குடிச்சிக் குடிச்சிப் பாத்தன். 2.3 லீற்றர் வந்திச்சி, வைக்கோல் நிறத்தில. அப்ப வீட்டில நிண்டா ஏலும், பஸ்ஸில ஏலாது.

கல்லடிக்காரன் | 23 ஜூலை, காலை 6.30

விழுந்துட்டுது! ஆரையம்பதிக்குக் கிட்ட ஒரு கடைக்குப் பின்னால. வடிதுணி பொக்கற்றில இருந்தது. கறுத்த மண்ணிறம், நெருஞ்சி முள்ளு மாதிரி, எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. இவ்வளவு சின்னதா என்னப் படுத்தின பாடு. குளிசை உறைக்குள்ள போட்டு வெச்சிரிக்கன்.

கொக்கட்டிச்சோலையான் | 23 ஜூலை, காலை 6.41

மோதிரத்தில பதிங்க அண்ணே.

கல்லடிக்காரன் | 6 செப்டம்பர், இரவு 9.22

பரிசோதனை வந்திரிக்கி: கல்சியம் ஒக்சலேற்று. தாதியக்கா சொன்ன மாதிரி. தயிர் திரும்ப வந்திட்டு, கருவாடு கிழமைக்கு ஒருக்கா, பப்படம் இல்ல. மாமி தக்காளிக்கு அனுமதி தந்திட்டா, ஆனா விதைய எடுத்துட்டுத்தான் போடுறா. நான் வாய் திறக்கல்ல.

இப்ப கேள்வி ஒண்டுதான். இந்த றோட்டில எங்க நிப்பாட்டிப் போகலாம்? 40 கிலோமீற்றருக்கு எனக்கு ரெண்டு நல்ல இடம் காணும். சீற்றுக்குப் பக்கத்தில ரெண்டு லீற்றர் போத்தில் கட்டியிரிக்கன், குடிக்கப் பயமா இரிக்கி.

மருதமுனையான் | 6 செப்டம்பர், இரவு 9.35

எங்கட பள்ளிவாசலுக்கு வாங்க காக்கா. வுழூ எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில மூணு இரிக்கி, சுத்தம். மெயின் றோட்டுல இருந்து அஞ்சாவது வீடு. ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க.

ஆரையம்பதி_மருமகள் | 6 செப்டம்பர், இரவு 9.51

எங்கட கடை றோட்டோரம்தான். பின்னால தனிய ஒண்டு கட்டியிருக்கிறம், திறப்பு முன்னால தொங்கும். பஸ்ஸில வாற பொம்புளையளுக்கும் சொல்லுங்க அண்ணை. செங்கலடித் தங்கச்சி இந்தப் பக்கம் வந்தாலும் வரலாம்.

கல்லடிக்காரன் | 6 செப்டம்பர், இரவு 10.02

அது நான் கல்லுப் போட்ட கடையோ?

ஆரையம்பதி_மருமகள் | 6 செப்டம்பர், இரவு 10.04

ஐயோ, அது நீங்களா! என்ர மாமனார் ஆரோ பஸ்காரன் பின்பக்கம் நிண்டு கையக் கூப்பிக் கும்பிட்டவன் எண்டு சொன்னவர்.